படம் முடிந்த இரவில் சொல்லாதீர்கள்

வாசகியின் கடிதம்: "எனக்குத் திருமணமாகி 14 வருடம். ஆரம்பத்தில் நாங்கள் பேசித் தீராத ஜோடி. இப்போது இரண்டு வருடமாக வீட்டில் பேச்சு என்றால் பிள்ளைகளின் படிப்பு, வங்கித் தவணை, நாளைக்கு யார் எப்போது கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு இரவு பிள்ளைகள் தூங்கியபின் சேர்ந்து படம் பார்ப்பதை மட்டும் விடவில்லை. போன மாதம் 'ஃபார்ட்டி ஃபைவ் இயர்ஸ்' பார்த்தோம். முடிந்ததும் என் கணவர் சிரித்துக்கொண்டே, 'நம்ம வீட்ல ஒளிச்சு வைக்கக்கூட ஒண்ணும் இல்ல பாரு. அவ்ளோ போரான ஜோடி நாம' என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால், இருக்கிறது. அப்பா காலமாகி அடுத்த மாதத்தோடு இரண்டு வருடம். அவர் போன சில நாளில் அம்மா என்னிடம் மட்டும் ஒன்றைச் சொன்னார். அப்பாவுக்கு வேறொரு பெண்ணிடம் ஒரு மகன் இருக்கிறானாம். என்னைவிட மூன்று வயது சின்னவன். 'உன் புருஷன்கிட்டகூட மூச்சு விடக்கூடாது' என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தப் படம் பார்த்த இரவில் இவரை எழுப்பி எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்றிருந்தது. அப்படிச் சொன்னால் பழைய நெருக்கம் திரும்புமோ என்று ஓர் ஆசை. சொல்லலாமா? இந்த மாதிரிப் படங்களைப் பார்ப்பதே தப்போ? அப்பாவின் போட்டோவை நேராகப் பார்க்க முடியவில்லை."

குடும்பநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

படத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். தப்பே இல்லை. வாரத்தில் அந்த ஒரு இரவை எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர் ரொனால்ட் ராக், தாமஸ் பிராட்பரி முதலானவர்களுடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. புதிதாகத் திருமணமான, திருமணம் நிச்சயமான 174 ஜோடிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்குச் சண்டையைக் கையாளும் பயிற்சி. இன்னொரு குழுவுக்குப் பரிவோடு நடந்துகொள்ளும் பயிற்சி. மூன்றாவது குழுவுக்குப் பயிற்சியே இல்லை. திருமண வாழ்க்கையைப் பற்றிய படங்களாக ஒரு மாதத்தில் ஐந்து பார்க்க வேண்டும், ஒவ்வொன்றும் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். மூன்று ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, இது எதையும் செய்யாத ஜோடிகளில் 24 சதவீதம் பேர் பிரிந்திருந்தார்கள். மற்ற மூன்று குழுக்களில் அது சுமார் 11 சதவீதம். பயிற்சி பெற்றவர்களுக்கும் படம் பார்த்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் தொழிலில் இருப்பவர்கள் இந்த ஆய்வைப் பற்றி ஏன் அவ்வளவாக வாய் திறப்பதில்லை என்பது உங்களுக்கே புரியும்.

அதெல்லாம் புது ஜோடிகள்; 14 வருடம் வாழ்ந்த உங்களுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். அங்கே வேலை செய்தது படம் இல்லை, படம் முடிந்தபின் நடந்த பேச்சு. 'அவர்கள் சண்டையை எப்படி ஆரம்பித்தார்கள், நாம் எப்படி ஆரம்பிக்கிறோம்' என்பது மாதிரியான சாதாரணக் கேள்விகள்தான் கையில் கொடுத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் படம் முடிந்ததும் அந்தப் பேச்சைத் தொடங்கியவர் உங்கள் கணவர். 'அவ்ளோ போரான ஜோடி நாம' என்று அவர் சொன்னது அதுதான். உங்களுக்கு உள்ளே திக்கென்றானதில் அது காதிலேயே ஏறவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் பார்த்த படத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆண்ட்ரூ ஹெய்க் இயக்கி 2015இல் வந்தது. கேட், ஜெஃப் என்ற வயதான தம்பதியின் 45ஆவது திருமண நாள் விருந்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜெஃபுக்கு ஒரு கடிதம் வருகிறது. 1962இல் ஆல்ப்ஸ் மலையில் விழுந்து இறந்துபோன அவருடைய பழைய காதலி காத்யாவின் உடல், பனி உருகியதில் கெடாமல் தெரிகிறதாம். அதில் மறக்க முடியாத இடம் பரண் மேல் நடக்கும் காட்சி. ஜெஃப் வெளியே போன நேரம் பார்த்து கேட் ஏணியில் ஏறுகிறாள். பழைய ஸ்லைடு புரொஜெக்டரைப் போட்டு, தொங்கவிட்ட துணியில் ஒவ்வொரு படமாகத் தள்ளுகிறாள். மலை, பனி, சிரிக்கிற ஒரு பெண். பிறகு அதே பெண், வயிற்றின் மேல் கை வைத்தபடி. நிறைமாதம் இல்லை என்றாலும் பார்த்தவுடன் தெரிகிற வயிறு. கேட்டுக்குக் குழந்தை இல்லை. அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. கீழே இறங்கி வருகிறாள். கடைசிவரை அந்த ஸ்லைடைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இதைப் பார்த்து உங்களுக்கு நெஞ்சு பதறியது நியாயம்தான். ஆனால் ஒரு திருத்தம். அந்த வீட்டில் இடி விழுந்தது காத்யாவால் இல்லை. காத்யா என்று ஒருத்தி இருந்தாள் என்பது கேட்டுக்கு முன்பே தெரியும். தெரிந்த ஆளைப் பற்றித் தெரியாதது இவ்வளவு இருந்திருக்கிறதே, அதுவும் தன் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறதே என்பதுதான் அவளைச் சாய்க்கிறது. உங்கள் ரகசியம் அந்த வகை இல்லை. நீங்கள் கணவருக்குத் துரோகம் செய்யவில்லை. உங்கள் காதல், உங்கள் கடந்தகாலம் எதுவும் இதில் இல்லை. உங்கள் அப்பா செய்த ஒன்றை உங்கள் அம்மா உங்கள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார். கடிதத்தில் நீங்கள் குற்றவாளி போலவே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொனியை முதலில் விட வேண்டும். அதே தொனியில் கணவரிடம் பேசினால், சொல்லப்போவது என்னவென்று கேட்பதற்கு முன்பே அவர் வேறு எதையோ நினைத்துப் பயந்துவிடுவார்.

இப்போது உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு தேதிகள். பேச்சு வற்றிப்போய் இரண்டு வருடம் என்கிறீர்கள். அப்பா போய் அடுத்த மாதத்தோடு இரண்டு வருடம் என்கிறீர்கள். நடுவில் நாலு வரி தள்ளி எழுதியதால் இரண்டும் ஒன்றென்று உங்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. 14 வருடம் ஆனால் புதுமை போகத்தான் போகும். ஆனால் 12 வருடம் பேசிக்கொண்டே இருந்தவர்கள் 13ஆவது வருடத்தில் திடீரென்று நிறுத்துவதற்குப் புதுமை மட்டும் காரணமாக இருக்காது.

ரகசியம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். மறைப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. அப்பாவுக்கு ஒரு மகன் இருப்பதை மறைக்க வேண்டுமானால், அப்பாவைப் பற்றிய பேச்சையே தவிர்க்க வேண்டும். அப்பாவைத் தவிர்க்க, சின்ன வயசுக் கதைகளைத் தவிர்க்க வேண்டும். அம்மா போனில் என்ன சொன்னாள் என்பதைத் தவிர்க்க வேண்டும். 'ஏன் டல்லா இருக்க' என்று அவர் கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்றாக வேண்டும். இப்படி ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் மிச்சம் இருப்பது பள்ளிக்கூடமும் வங்கித் தவணையும்தான். அவற்றில்தான் அப்பா வரமாட்டார். உங்கள் வீட்டில் சலிப்பு போலத் தெரிவதில் பாதியாவது இந்தக் காவல் வேலையின் களைப்பு என்பது என் கணிப்பு.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்லீபியன் என்பவர் ரகசியங்களைப் பற்றியே ஆய்வு செய்துவருகிறார். அவரும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: எதிரில் ஆள் இருக்கும்போது மறைக்க நேர்கிற தருணங்கள் குறைவு, தனியாக இருக்கும்போது மனம் தானாக அந்த ரகசியத்தின் பக்கம் போவதுதான் அதிகம். மனிதர்களை வாட்டுவதும் அதுதான். ஆகவே 'மாட்டிக்கொள்வேனோ' என்பது உங்கள் பிரச்சினையே இல்லை. உங்கள் கணவர் எதையும் தோண்டப்போவதில்லை. துணி மடிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பையனின் நினைப்பு வருகிறது என்று மட்டும் பாருங்கள். அப்பாவின் போட்டோவைப் பார்க்க முடியவில்லை என்று கடைசி வரியில், ஏதோ ஞாபகம் வந்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்கக் கணவரைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும்தான். ஆனால் எனக்கென்னவோ இந்தக் கடிதம் அந்தக் கடைசி வரிக்காகவே எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது. அப்பாவுக்காக அழவும் முடியாமல், அவரைத் திட்டவும் முடியாமல், இரண்டையும் யாரிடமும் சொல்லவும் முடியாமல் இருக்கிறீர்கள்.

அதனால், சொல்லலாமா என்ற கேள்விக்கு என் பதில்: சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் நினைத்த காரணத்துக்காக வேண்டாம், நினைத்த நேரத்திலும் வேண்டாம்.

பழைய நெருக்கம் திரும்புமோ என்று ஓர் ஆசை, என்று எழுதியிருந்தீர்கள். ஆசைப்படுவது தப்பில்லை, ஆனால் கவனம். பெரிய ரகசியத்தைச் சொல்லும் இரவில் நெருக்கம் வரத்தான் செய்யும். விடிய விடியப் பேசுவீர்கள், அழுவீர்கள், கல்யாணமான புதிதில் இருந்ததுபோலத் தோன்றும். ஒரு வாரம், பத்து நாள் அது நிற்கும். பிறகு மறுபடி பள்ளிக்கூடம், தவணை. 'இதையும் சொல்லிப் பார்த்துட்டோம், ஒண்ணும் மாறலையே' என்ற இடத்துக்கு வந்து நிற்பீர்கள். அது இப்போதிருக்கும் நிலைமையைவிட மோசம்.

இதைச் சொல்லும்போது இன்னொரு படத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கனடாவின் சாரா போலி 2011இல் எடுத்த 'டேக் திஸ் வால்ட்ஸ்'. மார்கோ என்ற இளம் மனைவி. கணவன் லூ நல்லவன், சமையல் புத்தகம் எழுதுகிறவன், வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டுக்காரனோடு ஓர் ஈர்ப்பு. இருவரும் ஒரு நாள் கண்காட்சி ராட்டினத்தில் ஏறுகிறார்கள். வண்ண விளக்கு, பாட்டு, சுழற்சி, இருவர் முகத்திலும் சொல்ல முடியாத பரவசம். திடீரென்று பாட்டு பாதியில் நிற்கிறது, வெள்ளை விளக்கு எரிகிறது, ராட்டினம் நின்றுவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தின் முழுக் கதையும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. பிறகு மார்கோ கணவனை விட்டு அவனோடு போகிறாள். போன புதிதில் அந்த வீட்டில் எல்லாமே சுழல்கிறது. கொஞ்ச நாளில் அங்கேயும் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அதே படத்தில் ஒரு சின்ன ரகசியமும் உண்டு. மார்கோ குளிக்கும்போதெல்லாம் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் கொட்டும். குழாயில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பாள். பிரிகிற நேரத்தில்தான் தெரிகிறது, லூதான் குளியலறைத் திரைக்கு மேலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். இருவருக்கும் வயதான பிறகு ஒரு நாள் சொல்லிச் சிரிக்கலாம் என்று சேர்த்து வைத்திருந்த விளையாட்டு. திருமணத்தில் ரகசியம் என்றாலே விஷம் என்று பேசுகிறவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் நான் போட்டுக் காட்டுவேன். அவள் புதுமை இல்லை என்று வெளியே தேடிக்கொண்டிருந்த நாட்களிலெல்லாம் அவளுக்குத் தெரியாத ஒன்று அந்த வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

புதுமை மங்குவது யார் குற்றமும் இல்லை. மனம் எதற்கும் பழகிவிடும், அதன் இயல்பு அது. ஆனால் பழகிய ஜோடிக்கும் அதைக் கொஞ்சம் மீட்க முடியும் என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரன் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று எனக்குப் பிடிக்கும். கணவன் மனைவி இருவரின் மணிக்கட்டையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, விரிப்பின் மேல் தவழ்ந்து ஓர் உருளைத் தலையணையைக் கையால் தொடாமல் கொண்டுபோகச் சொன்னார்கள். கட்டிப் போட்டுத் தவழவிட்ட ஜோடிகள், சாதாரண வேலை ஒன்றைச் செய்த ஜோடிகளைவிட, தங்கள் உறவைப் பற்றி அதிக நிறைவாகச் சொன்னார்கள். நீங்கள் தலையணை உருட்ட வேண்டாம். இருவருக்குமே தெரியாத எதையாவது சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள், கொஞ்சம் அசடு வழிந்தாலும் பரவாயில்லை. இது ரகசியத்தோடு சம்பந்தமில்லாத தனி வேலை. சலிப்புக்கு மருந்தாக உங்கள் அப்பாவை எடுக்காதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

சரி, எப்போது சொல்வது. படம் முடிந்த இரவில் வேண்டாம். சினிமாவில் குடும்ப ரகசியம் உடைகிற இடங்களை யோசித்துப் பாருங்கள். டென்மார்க்கில் 1998இல் வந்த 'ஃபெஸ்டன்' படத்தில் அப்பாவின் 60ஆவது பிறந்தநாள் விருந்து. மைக் லீயின் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' படத்தில், அது 1996, மகளின் 21ஆவது பிறந்தநாள் விருந்து. நீங்கள் பார்த்ததில் கல்யாண நாள். எல்லாப் பாத்திரங்களும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்பது கதாசிரியருக்கு வசதி. அந்த அறையில் மறுநாள் எழுந்து யார் பாத்திரம் கழுவுவது என்ற கவலை அவருக்குக் கிடையாது. உங்களுக்கு உண்டு. விசேஷ நாள், சண்டை நடக்கும் நேரம், அடுத்த மாதம் வரும் அப்பாவின் நினைவு நாள், இந்த மூன்றும் வேண்டாம். நினைவு நாளைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் அன்று உங்களுக்கு நா துறுதுறுக்கும்.

அதற்கு முன்னால் அம்மா. இதில்தான் நீங்கள் தயங்குவீர்கள் என்று தெரியும். சத்தியம் வாங்கியிருக்கிறாரே. இந்த ரகசியம் யாருடையது என்று கேட்டால், முதல் உரிமை அம்மாவுக்குத்தான். அவமானத்தை விழுங்கிக்கொண்டு வாழ்ந்தது அவர். அதே சாரா போலி 2012இல் தன் சொந்தக் குடும்பத்தைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 'ஸ்டோரீஸ் வி டெல்'. அவருடைய அம்மா டயான் இறக்கும்போது சாராவுக்கு 11 வயது. 'நீ அப்பா ஜாடையிலேயே இல்லையே' என்பது வீட்டில் அண்ணன்மார் சொல்லிச் சிரிக்கும் கேலியாக இருந்தது. வளர்ந்தபின் தேடிப் போனால் கேலி நிஜமாகிறது. அவரைப் பெற்றவர் ஹாரி கல்கின் என்ற தயாரிப்பாளர் என்று மரபணுச் சோதனையில் உறுதியாகிறது. அதைவிட முக்கியம் பிறகு எழும் தகராறு. இது எனக்கும் டயானுக்கும் நடந்த கதை, இதைச் சொல்லும் உரிமை சம்பந்தப்பட்டவர்களுக்குத்தான் என்பது கல்கினின் வாதம். சாராவோ அண்ணன், அக்கா, வளர்த்த அப்பா என்று எல்லோரையும் கேமரா முன் உட்கார வைத்து, ஆளுக்கொரு விதமாகச் சொல்லவிடுகிறார். வளர்த்த அப்பா மைக்கேலே எழுதிப் படித்த உரைதான் படம் முழுக்கப் பின்னணியில் வருகிறது. ஒரே வீட்டில் நடந்த ஒன்றை எல்லோரும் ஒரே மாதிரி ஞாபகம் வைத்திருப்பதில்லை. உங்கள் அம்மாவின் கதையும் உங்கள் கதையும்கூட ஒன்றாக இருக்காது. அவருக்கு அது கணவனின் துரோகம். உங்களுக்கு அது அப்பாவின் இன்னொரு பிள்ளை.

அதனால் அம்மாவிடம் அனுமதி கேட்காதீர்கள், தகவல் சொல்லுங்கள். போனில் வேண்டாம், நேரில். "அம்மா, நீ சொன்னத இந்த ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. ஆனா ராத்திரி தூக்கம் வரல, அப்பா போட்டோவப் பாக்க முடியல. அவர்கிட்ட மட்டும் சொல்லப்போறேன். உனக்குத் தெரியாம செய்ய மனசு வரல." இவ்வளவு போதும். அவர் கோபப்படலாம், 'எம் மானம் போச்சு' என்று அழலாம். அன்றைக்கே பதில் வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று உட்காராதீர்கள். பல அம்மாக்கள் மருமகனுக்குத் தெரிவதைவிட, மருமகன் முன்னால் இனி எப்படி நிற்பது என்றுதான் பயப்படுவார்கள். 'உன்கிட்ட இதப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார்' என்று நீங்கள் சொல்ல முடிந்தால் பாதிக் கோபம் இறங்கும். கணவரிடமும் அதை ஒரு நிபந்தனையாகவே வையுங்கள்.

கணவரிடம் பேச, இருவருக்கும் அவசரம் இல்லாத ஒரு பகல் நேரம் நல்லது. முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் நடந்துகொண்டோ, வண்டியில் போய்க்கொண்டோ சொல்வது பலருக்குச் சுலபம். முதல் வாக்கியத்திலேயே அவருடைய பயத்தை எடுத்துவிடுங்கள்: "இது உங்களைப் பத்தியோ நம்மளைப் பத்தியோ இல்ல, எங்க அப்பாவப் பத்தி." பிறகு விஷயம். பிறகு, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பது. கடைசியாக, அவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பது: "நீங்க எதுவும் செய்ய வேண்டாம். கேட்டாப் போதும்." இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். விட்டால், நல்ல கணவராக இருந்தால், உடனே அந்தப் பையனைக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்கிவிடுவார்.

அவர் முதலில் கேட்கப்போவது அநேகமாக உங்கள் அப்பாவைப் பற்றி இருக்காது. "ரெண்டு வருஷமா எங்கிட்ட சொல்லலையா?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு விளக்கம் சொல்லி வாதாட வேண்டாம். "ஆமா, கஷ்டமாத்தான் இருந்துச்சு" போதும். ரகசியத்தைச் சுமந்தது நீங்கள். ஆனால் இரண்டு வருடம் 'ஏன் டல்லா இருக்க' என்று கேட்டு 'ஒண்ணுமில்ல' என்ற பதிலை வாங்கிக்கொண்டவர் அவர். அவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். 'அவ்ளோ போரான ஜோடி நாம' என்று சிரித்துக்கொண்டே சொன்னாரே, அந்தச் சிரிப்புக்குள் அந்தக் கணக்கு இருந்திருக்கலாம். இந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு நாள் அதையும் எடுங்கள்: "அன்னிக்கு போரான ஜோடின்னு சொன்னீங்களே, நிஜமாவே அப்படித் தோணுதா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவரிடமும் நீங்கள் கேட்காமலே விட்ட ஏதாவது இருக்கும்.

சில நடைமுறை விஷயங்கள். சொத்துப் பிரிப்பது பாக்கி இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த மகனுக்கு உரிமை உண்டா இல்லையா என்பது குடும்பத்துக்குள் கிசுகிசுத்து முடிவாகிற விஷயம் இல்லை. அப்பாவுக்குப் பரம்பரை வியாதி ஏதாவது இருந்திருந்தால், அவன் தெரிந்துகொள்ள வேண்டிய நியாயமும் இருக்கிறது. தவிர, எச்சிலை அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொள்ளும் காலம் இது. அவனே ஒரு நாள் உங்களைத் தேடி வந்து நிற்கலாம். அப்படி வந்தால் உங்கள் கணவர் வாசலில் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது. இப்போதே சொல்லுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்களாக அவனைத் தேடுவது மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அவனுக்குத் தன் அப்பா யாரென்று தெரியுமா, அவன் அம்மா அவனிடம் என்ன சொல்லி வளர்த்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்கு இப்போது அவசரம் இல்லை. ஆனால் இன்னும் முப்பது வருடம் கழித்து அவர்களில் ஒருவரிடம் நீங்கள் சத்தியம் வாங்கிக்கொண்டு நிற்கக் கூடாது. புரிந்துகொள்ளும் வயது வரும்போது நீங்கள் இருவரும் சேர்ந்து சொல்லலாம். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2002. ஒன்பதாவது பிறந்தநாளன்று அந்தக் குழந்தையிடம் அவள் தத்துப் பிள்ளை என்று சொல்லிவிடுகிறார்கள். மற்ற படங்களில் கடைசியில் வெடிப்பது இதில் ஆரம்பத்திலேயே வந்துவிடும். மிச்சப் படம் முழுக்க அந்தக் குழந்தையின் கேள்விகள், கோபம், ஓட்டம். பின்னாலேயே ஓடும் அப்பா, அம்மா. சொல்லியபின் என்னவாகும் என்பதை அந்த அளவுக்குப் பொறுமையாகக் காட்டிய படங்கள் குறைவு. கணவரிடம் பேசி முடித்து ஒரு மாதம் ஆனபின் இருவரும் சேர்ந்து மறுபடி பாருங்கள். பேசுவதற்கு முன்னால் வேண்டாம். படத்தை வைத்து ஜாடை காட்டுகிற வேலையே வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு அம்மா 'சொன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்' என்கிற அளவுக்குப் போனால், அதை வெறும் மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். கணவரிடம் பேசுவதைத் தள்ளிவைத்துவிட்டு, அம்மாவைத் தனியாக விடாமல் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முதலில் உதவி தேவைப்படுவது அவருக்கு. அந்த நாட்களில் உங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும்; உங்கள் ஊரிலேயே ஓர் ஆலோசகரை நேரில் பார்த்து அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். அங்கே பேசுவது வெளியே போகாது என்பதால் சத்தியத்தை மீறியதாகவும் உங்களுக்குத் தோன்றாது. அம்மா ஓரளவு தேறியபின் மற்றதை முடிவு செய்யலாம்.